முள்முருக்கடியில் வெட்டிய எலுமிச்சை

விமலராஜின் வேலை மரங்களைப் பார்ப்பது. பார்த்ததைச் சொல்வது.

பலெர்மோவின் வட எல்லையில், மலையடிவாரத்தில், உயர்ந்த மதிலுக்குள் இருந்தது அந்தத் தோட்டம். தோட்டம் என்று பேர்தான், உண்மையில் அது ஒரு சிறு காடு. ஓக், வாதுமை, மல்பெரி, மாதுளை, லோரல் புதர்கள், யாரோ ஒரு மூதாதை கப்பலில் கொண்டுவந்து நட்ட வெப்பநாட்டு மரங்கள். சொந்தக்காரி சிக்னோரா ரொசால்பா ஓய்வுபெற்ற வழக்கறிஞர், எண்பதைத் தாண்டியவர். படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் அவர் மேல்மாடியை விட்டு இறங்கவில்லை. ஜன்னலுக்கு நேரே நின்ற ஒரு மரத்தைத் தவிர மற்றவற்றின் உச்சிகள்தான் அவருக்குத் தெரியும். அடியில் நடப்பதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. கரவெட்டியிலிருந்து வந்து, நகரத்து மாடிவீடுகளில் தரை துடைத்துக்கொண்டிருந்த விமலராஜுக்கு அப்படித்தான் அந்த வேலை கிடைத்தது.

காலையில் தோட்டத்தைச் சுற்றுவார். திரும்பி வந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்புவார். கோடையில் அது சுலபம். இலையும் பூவும் காயும் இருக்கும், பேர் சொன்னால் போதும். குளிர்காலத்தில்தான் வேலை கடினம். மல்பெரியும் மாதுளையும் ஒரே மாதிரி மொட்டைக் குச்சிகளாக நிற்கும். முதல் வருடம் விமலராஜ் தடுமாறினார். பிறகு பட்டையைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். மல்பெரியின் பட்டையில் பழைய காயங்கள்போல் நீள வெடிப்புகள் இருக்கும். மாதுளையின் தண்டு கயிறு முறுக்கியதுபோல் திரும்பியிருக்கும். ஓக் காய்ந்த இலைகளை உதிர்க்காமல் மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டு நிற்கும். மற்ற மரங்களெல்லாம் தூங்கும்போது வாதுமையின் மொட்டு மட்டும் தை மாதத்திலேயே பருக்கத் தொடங்கிவிடும். பொமேலியாவுக்கு, அதாவது நம் ஈழத்தலரிக்கு, பலெர்மோ ஆட்கள் செய்வதுபோலவே ஒவ்வொரு கொப்பின் நுனியிலும் முட்டைக்கோது கவிழ்ப்பார். குளிரில் குருத்துக் கருகாமல் இருக்க அதுதான் வழி.

இதையெல்லாம் தன் இத்தாலியனில் சொல்வார். "சிக்னோரா, வாதுமை கண்ணைத் திறக்க யோசிக்கிறார். மாதுளை இன்னும் கோபத்தில் இருக்கிறார்." வியாழக்கிழமைகளில் சிக்னோராவுடன் சீட்டாட வரும் கிழவிகளுக்கு இந்தக் குரல்பதிவுகள் ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டப்படும். அவர்கள் சிரித்துக் கண்ணீர் துடைப்பார்கள். வீட்டோடு தங்கி சிக்னோராவைப் பராமரித்த மொனிகா, மன்னார்க்காரி, இதை விமலராஜிடம் சொன்னாள்.

"உங்களை வைச்சுப் பகிடி பண்ணுதுகள் அண்ணா. அந்தக் குண்டு மனுசி உங்களை மாதிரியே கதைச்சுக் காட்டுறா."

"சிரிக்கட்டும். சிரிக்கிற மனுசி என்னை வேலையாலை நிப்பாட்டாது."

நிப்பாட்டிவிடக் கூடாது என்பதுதான் விமலராஜின் வாழ்க்கை முழுவதும். வேலையோடு ஒரு வீடும் சேர்ந்திருந்தது. வாயிற்கதவுக்குப் பக்கத்தில் காவற்காரனுக்கென்று கட்டிய சின்னக் கல்வீடு, பச்சைக் கதவு, தனிக் குசினி. மனைவியை இத்தாலிக்கு அழைக்க விண்ணப்பிக்கிறவன், இரண்டு பேர் வாழத் தகுந்த வீடு தனக்கு இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஐந்து பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டில் அதற்குப் போதாது. இந்தக் கல்வீட்டைக் காட்டி விமலராஜ் விண்ணப்பித்திருந்தார். கரவெட்டியில் ஞானம்பிகை காத்திருந்தாள். கலியாணம் முடித்து இருவரும் ஒன்றாக இருந்தது சில மாதங்கள்தான். அதனால் அவர் தினமும் இரண்டு குரல்பதிவு அனுப்புவார். இத்தாலியனில் சிக்னோராவுக்கு ஒன்று, அதையே தமிழில் ஞானம்பிகைக்கு ஒன்று. எந்த மரம் எங்கே நிற்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். பச்சைக் கதவுக்கு முன்னால் கறிவேப்பிலை வைக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருந்தாள்.

சிக்னோராவிடம் ஒரு விதி இருந்தது. மார்ச் நடுவில் புனித சூசையப்பர் திருநாள். அதற்குள் மொட்டு வைக்காத மரம் பட்ட மரம். வெட்டிவிட வேண்டும். போர்கோ வெக்கியோ என்ற பழைய நகர்ப்பகுதியிலிருந்து பையன்கள் வந்து, திருநாளுக்கு முந்தின மாலை தெருவில் மூட்டும் பெருந்தீக்கு அந்த விறகை இழுத்துக்கொண்டு போவார்கள். "என்னைப் பார்த்து வைத்தியர்கள் பரிதாபப்படுகிறார்கள். நான் மரங்களுக்குப் பரிதாபப்பட மாட்டேன்" என்பார் சிக்னோரா. அதே சமயம் உயிருள்ள மரத்தில் கை வைக்கவும் விடமாட்டார். சட்டம் இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை.

இந்த விதியில் வருடாவருடம் மாட்டுவது ஜன்னலுக்கு நேரே நின்ற அந்த ஒற்றை மரம். முள்முருக்கு. நம்மூர் முள்முருக்கின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். அதே முள், அதே மென்மையான கட்டை, அதே சிவப்புப் பூ. ஆனால் பலெர்மோவில் அது எல்லாருக்கும் பிந்தித்தான் விழிக்கும். திருநாள் சமயத்தில் செத்த மரம்போல் நிற்கும். விமலராஜ் பட்டையை நகத்தால் சுரண்டுவார். உள்ளே பச்சை தெரியும். "உயிர் இருக்கிறது சிக்னோரா, சோம்பேறி, அவ்வளவுதான்." மரம் தப்பும்.

அந்தத் தை மாதம் அருளம்பலம் கூப்பிட்டனுப்பினார். அல்பெர்கேரியாவில், சந்தைக்குள், மிளகாய்த்தூளும் கருவாடும் விற்கும் கடை அவருடையது. பலெர்மோவில் பாதிப் பேருக்கு வேலை பிடித்துக் கொடுத்தவர். விமலராஜைத் தோட்டத்தில் சேர்த்துவிட்டவரும் அவரே. மகள் துசானிக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் ஜெர்மனியிலிருந்து வருகிறார்கள்.

யாழ்ப்பாணத்துச் சைவக் கலியாணத்தில் தாலிக்குப் பொன்னுருக்கும் நாளன்று ஒரு முள்முருக்கங் கொப்பை நட்டு, மஞ்சள் துணி சுற்றிக் கும்பிடுவார்கள். கன்னிக்கால் என்று பெயர். பலெர்மோவில் அதுவரை ஒலிவங் கொப்பிலேயே காரியத்தை முடித்திருந்தார்கள்.

"சம்பந்தி வீட்டார் கேட்டவையெடா," என்றார் அருளம்பலம். "முள்முருக்குத்தானே எண்டு. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"அண்ணை, அந்த மனுசி உயிருள்ள மரத்திலை ஒரு இலை கிள்ளவும் விடாது. இஞ்சை என்ரை வேலை..."

"உன்ரை வேலையோ? ஆர் பிடிச்சுத் தந்த வேலை?" கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "கேட்டியளே, ஒரு கொப்பு. என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்கு ஒரு கொப்பு. இவர் காட்டிலாகா அதிகாரி, அனுமதி தரமாட்டாராம்!"

கருவாடு வாங்க வந்த ஒருவர் சிரித்தார். "பெண்சாதி வந்தாப் பிறகு பாருங்கோ, எங்களோடை கதைக்கவும் மாட்டார்."

விமலராஜ் தலையாட்டினார். அருளம்பலம் உடனே குழைந்தார். "அப்பிடி வா தம்பி. ஆனா முறைப்படி வெட்டோணும். கற்பூரம் கொளுத்தி, தேசிக்காய் வெட்டிக் கண்ணூறு கழிச்சுப்போட்டு வெட்டு. கொப்பு நிலத்திலை படக்கூடாது."

பொன்னுருக்கு நாள் விடியலில் விமலராஜ் குளித்து, திருநீறு பூசி, முள்முருக்கின் அடிக்குப் போனார். தோட்டத்து எலுமிச்சையிலேயே ஒரு பழம் பறித்திருந்தார். அந்தத் தீவின் பழம், உள்ளங்கை நிறைந்தது. கற்பூரம் கொளுத்தினார். பழத்தை இரண்டாக வெட்டிக் குங்குமம் தடவி, மரத்தைச் சுற்றிக் காட்டி, வலப்பக்கம் பாதியும் இடப்பக்கம் பாதியும் போட்டார். ஜன்னலுக்குத் தெரியாத பக்கத்தில், மணிக்கட்டுப் பருமனில் ஒரு கொப்பை அறுத்துத் தோளில் ஏந்திக்கொண்டார். வாசலில் அருளம்பலத்தின் வான் நின்றது. ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, வெட்டுவாயில் மண் பூசி மறைத்தார். மரத்தூளைக் கூட்டி அள்ளினார்.

எலுமிச்சையை அவர் எடுக்கவில்லை. கண்ணூறு, அதாவது திருஷ்டி, கழித்த பழத்தை யாரும் தொடுவதில்லை. ஒரு சருகையும் விட்டுவைக்காத மனிதர், இரண்டு சிவந்த பாதிகளை அந்த மரத்தடியில் கிடக்க விட்டுவிட்டுக் கோப்பி போடப் போனார்.

அறுத்ததை சிக்னோரா பார்க்கவில்லை. அவர் பார்த்தது புகை. கற்பூரப் புகை தன் ஜன்னலுக்கு நேரே ஏறி வந்ததும், கீழே போய்ப் பார் என்று மொனிகாவை அனுப்பினார். மொனிகா பார்த்ததைச் சொன்னாள். எடுத்துவரச் சொன்னார். மொனிகா பிளாஸ்டிக் பையைக் கையில் சுற்றிக்கொண்டு எடுத்து வந்தாள்.

சிசிலியில் செய்வினைக்கு ஃபத்தூரா என்று பெயர். ஆகாதவருடைய வாசலில் எலுமிச்சையைப் போடுவார்கள், பெரும்பாலும் ஆணி குத்தி. சட்டம் படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிக்னோரா அன்று சிரிக்கவில்லை. விமலராஜ் மேலே போனபோது, வெள்ளித் தட்டில் இரண்டு பாதிகளும் இருந்தன. ஒன்றில் எறும்பு ஊர்ந்தது.

"எனக்கு எப்போது சாவு வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார் சிக்னோரா.

விமலராஜுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எல்லாவற்றையும் கொட்டினார். கலியாணம், கன்னிக்கால், கொப்பு, கண்ணூறு. அவருடைய இத்தாலியன் மரங்களைச் சொல்லக் கற்றது, இதைச் சொல்ல அதில் சொற்கள் இல்லை. கெட்ட கண், சிவப்புப் பொடி, மரத்துக்கு மரியாதை என்றார். கேட்கக் கேட்க எல்லாம் ஃபத்தூரா மாதிரியே இருந்தது.

"ஒரு கொப்பு போனால் போகட்டும், வளரும்," என்றார் சிக்னோரா. "நான் கேட்பது இதை. மொனிகா, நீயும் அந்த நாட்டுக்காரிதானே. இது உங்கள் வழக்கமா?"

மொனிகாவுக்கு நன்றாகத் தெரியும். மன்னாரில் அவள் வீட்டுக்கு அடுத்த வீடே சைவ வீடு. தட்டைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாது சிக்னோரா. நாங்கள் கத்தோலிக்கர்."

சிக்னோரா தட்டை மேசைமேல் தள்ளினார்.

"என் ஆயா சொல்லுவாள், செய்தவனே தின்றுவிட்டால் அது அவனிடமே திரும்பிவிடும் என்று. நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. தின்."

கழித்த எலுமிச்சையை மிதித்தாலே காய்ச்சல் வரும் என்று வளர்ந்தவர் விமலராஜ். வீதியில் ஒன்று கிடந்தால் எட்ட விலகிப் போவார். தட்டைப் பார்த்தார். பச்சைக் கதவை நினைத்தார். ஒரு பாதியை எடுத்துக் கடித்தார். குங்குமம் நாக்கில் மண்போல் நெறுநெறுத்தது. தோலோடு தின்னச் சொன்னார் சிக்னோரா. தோலோடு தின்றார். இரண்டாவது பாதியில் எறும்பைத் தட்டப் போனபோது, "அதோடு" என்றார். உதடும் தாடையும் சிவந்து, கண்ணில் நீர் வழிய, அவர் விழுங்கி முடிக்கும்வரை கிழவி வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லது. இப்போது என் தலைமேல் எந்தச் செய்வினையும் இல்லை. நாளைக்கு வீட்டைக் காலிசெய்."

"சிக்னோரா, தின்னச் சொன்னீர்கள். தின்றேன்."

"தின்றால் வேலை இருக்கும் என்று நான் சொன்னேனா?"

சொல்லவில்லைதான். படியில் மொனிகா பின்னால் ஓடிவந்தாள். "குறை நினையாதேங்கோ அண்ணா. எனக்கும் ரெண்டு பிள்ளையள்." ஒரு துவாயை நீட்டினாள், வாயைத் துடைக்க.

கலியாண மண்டபத்தில் கதை அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. "தள்ளி நில்லுங்கோ, தோட்டக்காரர் வாறார், பொக்கற்றிலை தேசிக்காய் கிடக்கும்" என்று யாரோ சொல்ல, மேசையே அதிர்ந்தது. மூலையில், மண் நிரப்பிய வாளியில், மஞ்சள் துணி சுற்றிய கொப்பு நின்றது. ஜெர்மனிச் சம்பந்தியம்மா அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். விமலராஜ் அருளம்பலத்தை ஓரமாக மறித்தார்.

"அண்ணை, நீங்கள் ஒருக்கால் வந்து மனுசிக்கு விளங்கப்படுத்தினால் போதும். உங்களிலை அதுக்கு மரியாதை இருக்கு. ஞானம்பிகையின்ரை விண்ணப்பம் முழுக்க அந்த வீட்டிலைதான் தொங்குது."

"நல்ல காரியம் நடக்கிற இடத்திலை கண்ணைக் கசக்காதை. போய்ச் சாப்பிடு. கலியாணம் முடியட்டும், கதைக்கிறன்."

சொன்னபடி போய்க் கதைத்தார். அடுத்த வாரம் கடைக்குக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்.

"மனுசி உன்ரை பேரை எடுக்கவே விடுகுதில்லை. சரி, இடம் சும்மா கிடந்து வேறை ஆருக்கும் போறதிலும் பாக்க எங்கடை ஆள் ஒருத்தன் இருக்கட்டும் எண்டு... நிதுசனை விட்டிருக்கிறன்."

நிதுசன் அருளம்பலத்தின் தங்கை மகன். முப்பது தாண்டியவன், போர்கோ வெக்கியோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவியவன். அவன் தோட்டத்துக்குப் போனதால் கழுவுகிற இடம் காலியாயிற்று. அவன் படுத்த கட்டிலும் காலியாயிற்று. இரண்டையும் அருளம்பலம் விமலராஜுக்கே தந்தார். "உன்னை நான் நடுத்தெருவிலை விடுவனே?" என்றார்.

ஞானம்பிகைக்கு விமலராஜ் எதுவும் சொல்லவில்லை. காலையில் எழுந்து, மற்றவர்கள் குளியலறைக்கு வரிசை நிற்கும்போது, மாடிப்படியில் உட்கார்ந்து குரல்பதிவை அனுப்பிக்கொண்டே இருந்தார். "இண்டைக்கு வாதுமை முழுக்கப் பூத்திட்டுது. வெள்ளை, நடுவிலை மெல்லிய ரோசா. தேனீ வந்திட்டுது." விண்ணப்பத்துக்கு வேறு வீடு காட்ட முடிந்தால் அதன்பிறகு சொல்லலாம் என்று நினைத்தார். வேறு வீட்டை அவருக்கு யாரும் வாடகைக்குத் தரவில்லை.

மார்ச் மாதம் நிதுசன் அழைத்தான்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. எது செத்தது, எது உயிரெண்டு மனுசி கேக்குது. எனக்கு எல்லாம் விறகாத்தான் தெரியுது."

விமலராஜ் கழுவுதொட்டியில் கையை வைத்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். மல்பெரியில் நுனியைப் பார், மாதுளையில் சிவப்பாகக் குத்தூசிபோல் வந்திருக்கும். எல்லாம் உண்மை.

"அந்த ஜன்னலடி முள்ளு மரம்? மொட்டொண்டும் இல்லை."

நகத்தால் சுரண்டிப் பார் என்று சொல்லியிருக்கலாம். மூன்று சொல். விமலராஜ் வேறு கணக்குப் போட்டார். வெட்டினால் உள்ளே பச்சையாக இருக்கும், தண்ணீர் வடியும். உயிருள்ள மரத்தை வெட்டியவனைக் கிழவி அன்றைக்கே துரத்துவார். பிறகு மரம் தெரிந்தவன் ஒருவனை நினைத்துத்தானே ஆகவேண்டும்?

"அது பட்டுப்போச்சு," என்றார். "வெட்டச் சொல்லு."

இரண்டு நாள் கழித்து மொனிகா அழைத்தாள்.

"அண்ணா, மரத்தை வெட்டிப்போட்டாங்கள். பச்சை மரம் அண்ணா. வெட்ட வெட்டத் தண்ணி வடிஞ்சது."

"மனுசி என்ன சொன்னது? நிதுசனை நிப்பாட்டிட்டுதோ?"

"சிரிச்சது. உயிருள்ள மரமெண்டு எனக்குத் தெரியும், விமல் ஒவ்வொரு வருசமும் சொன்னவன்தானே எண்டுது. அந்த மரத்தைப் பாக்கிற நேரமெல்லாம் தேசிக்காய் ஞாபகம் வருதாம். வெட்டவும் ஏலாது, அதின்ரை சட்டம் அப்பிடி. ஆராவது ஒருத்தன் வாயாலை பட்டுப்போச்செண்டு வந்தால் போதுமெண்டு பாத்துக்கொண்டு இருந்ததாம்." சற்று நிறுத்தினாள். "நிதுசனுக்கு நேற்று நிரந்தரமாக் கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டுது."

விமலராஜ் மறுபடி கழுவுதொட்டிக்குப் போனார். மதியக் கூட்டம். தட்டுகள் வந்துகொண்டே இருந்தன.

மாதக் கடைசியில் ஒரு காலை, அவர் இன்னும் குரல்பதிவை அனுப்பவில்லை, ஞானம்பிகையே அழைத்தாள். அவள் அந்த நேரத்தில் அழைப்பதில்லை.

"இஞ்சருங்கோ, எங்கை நிக்கிறியள்?"

"தோட்டத்திலை. மல்பெரிக்குக் கிட்ட."

"நிதுசன்ரை அம்மா லட்டோடை வந்தவ. மோனுக்கு வேலை நிரந்தரமாம், தோட்டத்துக்குள்ளை வீடும் கிடைச்சிருக்காம், இனிப் பொம்பிளை பாக்கிறதுதானாம். போட்டோ காட்டினவ." அவள் குரல் உயரவில்லை. "பச்சைக் கதவு. அவன் வாசல்படியிலை இருக்கிறான்."

கீழே தெருவில் மீன்காரன் கத்தினான். மத்தி, புது மத்தி என்று அவன் இழுத்த இழுப்பு மாடிப்படி முழுக்க ஏறி வந்தது. விமலராஜ் கையால் போனின் வாயைப் பொத்தினார். பிந்திவிட்டது.

"உங்கை ஆர் மீன் விக்கிறது?" என்று கேட்டாள்.

அவர் போனிலிருந்து கையை எடுத்தார்.

"எப்ப தொடக்கம் தோட்டத்திலை இல்லை?"

"பொன்னுருக்கு அண்டைக்கு."

"அப்ப விண்ணப்பம்?"

"அது இனிச் சரிவராது."

ஞானம்பிகை மிகவும் சாதாரணமாக, சந்தை விலை விசாரிப்பவள்போல் கேட்டாள்.

"அப்ப அந்த வாதுமைப்பூ? தேனீ வந்திட்டுது எண்டனீங்கள்."

"அது போன வருசத்துப் பூ," என்றார் விமலராஜ்.